அடுத்த பார்டர்லேண்ட்ஸில் லூட்டை எங்கிருந்து திருத்துவது?

எதிரிகளைச் சுட்டு, விழும் ஆயுதங்களை (லூட்) சேர்க்கும் பார்டர்லேண்ட்ஸ் வீடியோ கேம் வரிசையின் அடுத்த ஆட்டத்தில் என்ன வேண்டும் என்று கேட்டால், புதிய கிரகம், புதிய வில்லன், இன்னும் நிறைய துப்பாக்கிகள் என்ற பட்டியல்தான் முதலில் வரும். கியர்பாக்ஸ் நிறுவனம் உருவாக்கி 2009-இல் வெளிவந்த முதல் ஆட்டம், 1.77 கோடிக்கும் அதிகமான துப்பாக்கி வகைகளுக்காகக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. 2019-இல் வந்த மூன்றாம் ஆட்டத்துக்கு 100 கோடி என்றும், 2025 செப்டம்பரில் வந்த நான்காம் ஆட்டத்துக்கு 3000 கோடி என்றும் விளம்பரம் செய்தார்கள். எண்ணிக்கையில் இனிச் சாதிக்க ஒன்றுமில்லை. தரையில் விழுந்த துப்பாக்கியை எடுப்பதா, விட்டுச் செல்வதா என்று ஆட்டக்காரர் ஓரிரு நொடிகள் உண்மையாகவே யோசிக்க வேண்டும். திருத்த வேண்டியது அந்த நொடிகளைத்தான். இத்தகைய ஆட்டத்தை வடிவமைப்பவர்களுக்கும், ஆட்டத்தைத் தாமாகவே மாற்றியமைத்து மோட் செய்பவர்களுக்கும், வெறும் புகாராக இல்லாமல் உருப்படியான பரிந்துரையாக எழுத நினைக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இந்த வழிமுறை பயன்படும்.

முதலில் கணக்கெடுங்கள். இருக்கும் ஆட்டத்தை அரை மணி நேரம் ஆடி, விழுந்த ஒவ்வொரு துப்பாக்கியையும் என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு அரியது என்பதைக் காட்டும் நிறத்தை மட்டும் பார்த்து ஒதுக்கியவை அதிகமென்றால் கோளாறு அரிய பொருள்களின் விகிதத்தில் இருக்கிறது. வலிமைப் படியைக் காட்டும் லெவல் எண்ணை மட்டும் பார்த்து ஒதுக்கியவை அதிகமென்றால் கோளாறு லெவல் ஏற்றத்தில் இருக்கிறது. உங்களைத் தயங்க வைத்த துப்பாக்கி ஒன்றிரண்டு இருந்தால், அதன் விவர அட்டையில் எந்த வரி தயங்க வைத்தது என்பதையும் எழுதிவையுங்கள். அடுத்த ஆட்டத்தில் பெருக்க வேண்டியவை அந்த வரிகளே.

அந்த அட்டையில் சேதம், குறிதுல்லியம், ரீலோட் நேரம், சுடும் வேகம், மேகசின் அளவு ஆகியவை எண்களாக இருக்கும். மிக அரிய, ஆரஞ்சு நிற வகையான லெஜண்டரி என்றால் மறைந்திருக்கும் தன்மையைக் குறிப்பால் உணர்த்தும் சிவப்பு வரி ஒன்றும் இருக்கும். எண்கள் யாரையும் நெடுநேரம் யோசிக்க வைப்பதில்லை, ஏனெனில் பெரிய எண் எது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. யோசிக்க வைப்பது நடத்தை வேறுபாடு. ஆட்டத்தின் துப்பாக்கிகளைப் பல கற்பனை நிறுவனங்கள் தயாரிக்கின்றன. டீடியோர் துப்பாக்கியை ரீலோட் செய்தால் கையிலிருப்பதை எதிரியின் மேல் வீசுகிறோம், அது வெடிக்கிறது. ஜேக்கப்ஸ் துப்பாக்கியால் தலையில் சரியாகச் சுட்டால் தோட்டா தெறித்துப் பக்கத்திலிருப்பவனையும் தாக்குகிறது. நான்காம் ஆட்டம் ஒரு நிறுவனத்தின் துப்பாக்கியில் இன்னொரு நிறுவனத்தின் உதிரிபாகத்தைப் பொருத்தும் உரிமப் பாகங்கள் முறையைக் கொண்டுவந்தது. இந்த வரிசையில் பல ஆண்டுகளில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவு இது என்பேன். சேதம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், தெறிக்கும் தோட்டா நீங்கள் தேர்ந்த திறன்கள், ஆயுதங்களின் சேர்க்கையான பில்டுக்குப் பொருந்துமா என்ற கேள்வியை ஜேக்கப்ஸ் பாகம் பொருத்திய விளாடோஃப் ரைஃபிள் ஒன்று எழுப்ப முடிகிறது. அடுத்த ஆட்டத்தில் புதிய நிறுவனத்தைச் சேர்ப்பதற்கு முன், இருக்கும் ஒவ்வொரு பாகமும் விளையாடும் விதத்தை மாற்றுகிறதா, அல்லது எண்ணை மட்டும் மாற்றுகிறதா என்று சோதித்து, எண்ணை மட்டும் மாற்றும் பாகங்களைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

அடுத்தது அரிய பொருள் விழும் விகிதம், அதாவது ட்ராப் ரேட். இரண்டாம் ஆட்டத்தில் லெஜண்டரி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. மூன்றாம் ஆட்டத்திலோ ஒரு பாஸ் (பெரிய எதிரி) விழுந்தால் தரையெல்லாம் ஆரஞ்சு வெளிச்சம். நாள்தோறும் விருந்து என்றால் இலையில் என்ன பரிமாறியிருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. விகிதத்தைக் கூட்டுவது, குறைப்பது என்று மட்டும் வாதிடுபவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். ஒரு பாஸிடமிருந்து குறிப்பிட்ட துப்பாக்கி விழும் வாய்ப்பு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 20 முறை கொன்றால் ஒன்று கிடைக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால், 20 முறை முடிந்தபின்னும் 100 பேரில் ஏறத்தாழ 36 பேர் வெறுங்கையுடன் நிற்பார்கள். 60 முறைக்குப் பிறகும் 5 பேர் அளவில் அப்படியே நிற்பார்கள். விழுந்த துப்பாக்கியில் நமக்கு வேண்டிய பாகங்கள் அமைவது 30-இல் ஒன்று என்றால், மொத்த வாய்ப்பு 600-இல் ஒன்றாகிவிடுகிறது. ஒரே பாஸைத் திரும்பத் திரும்பக் கொன்று ஃபார்மிங் செய்பவர்களை வெறுப்பேற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பெருக்கல்தான்.

இதற்கு இரு திருத்தங்களைச் சேர்த்தே செய்ய வேண்டும். முதல் 20 தோல்விகளுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வாய்ப்பை 5 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினால், 30 முறைக்குள் 100-இல் 99 பேருக்கு மேல் துப்பாக்கி கிடைத்துவிடும். அதிர்ஷ்டசாலிக்கு முதல் முறையே கிடைக்கும் மகிழ்ச்சியும் குறையாது. கிடைத்த லெஜண்டரியில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் ஆட்டத்தின் அரிய நாணயமான எரிடியத்தைச் செலவழித்து மாற்றிக்கொள்ள அனுமதிப்பது இரண்டாவது திருத்தம். எல்லாப் பாகங்களையும் மாற்ற விட்டால் துப்பாக்கி விழுவதற்கே பொருளில்லாமல் போய்விடும் என்பதால், ஒன்றோடு நிறுத்துங்கள். பாஸை மீண்டும் எதிர்கொள்ள ஆட்டத்தைவிட்டு வெளியேறி நுழைந்த பழைய தொல்லைக்கு, ஆட்டத்துக்குள் சேர்த்த பணத்தைக் கட்டினால் பாஸை உயிர்ப்பிக்கும், மாக்ஸி என்ற பாத்திரத்தின் இயந்திரத்தின் வழியே நான்காம் ஆட்டம் முடிவு கட்டியது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இந்த வரிசை திரும்பத் திரும்ப இடறி விழும் இடம் லெவல் ஏற்றம். இரண்டாம் ஆட்டத்தின் உச்ச லெவல் முதலில் 50 ஆக இருந்து, 61, 72 என்று ஏறி, 2019-இல் 80-ஐத் தொட்டது. மூன்றாம் ஆட்டத்திலும் 50-இல் தொடங்கி 72-இல் முடிந்தது. ஒவ்வோர் ஏற்றத்திலும், மாதக்கணக்கில் தேடிச் சேர்த்த துப்பாக்கிகள் ஒரே நாளில் பழைய இரும்பாகின. 2020 ஏப்ரலில் மூன்றாம் ஆட்டத்தின் கடின முறைக்கு வந்த மேஹெம் 2.0 என்ற புதுப்பிப்பு இதையே வேறு வடிவில் செய்தது: துப்பாக்கிக்கே மேஹெம் நிலை என்று ஒன்றை வைத்து, கீழ்நிலையில் கிடைத்தவற்றை உயர்நிலையில் பயனற்றவையாக்கியது. இரண்டாம் ஆட்டத்தின் கடைசிக் கடின முறையில் எதிரிகளின் உயிர்ப்பலம் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டது. ஸ்லாக் என்ற, அடுத்து விழும் சேதத்தைக் கூட்டும் பொருளைப் பூசிய எதிரிக்கு ஏற்படும் சேதம் சாதாரண முறையில் இரு மடங்கு, அங்கே மும்மடங்கு. விளைவாக, ஒரு கை எப்போதும் ஸ்லாக் துப்பாக்கிக்கே ஒதுக்கப்பட்டது. பலவகை ஆயுதங்கள் என்ற பெருமை பெயரளவில்தான் மிஞ்சியது.

இதைத் திருத்தக் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும். ஒவ்வொரு லெவலுக்கும் சேதம் 10 சதவீதம் கூடினால், 10 லெவலில் அது 2.6 மடங்காகிறது, 4 சதவீதம் கூடினால் ஏறத்தாழ 1.5 மடங்கோடு நிற்கிறது. இரண்டாவது நிலையில், பத்து லெவல் பின்தங்கிய துப்பாக்கியையும் அதன் தனித்தன்மைக்காக ஒருவர் வைத்துக்கொள்ள முடியும். புதியதை எடுப்பதற்கும் காரணம் இருக்கும். உச்ச லெவலை உயர்த்தும்போது, ஆட்டத்தின் சேமிப்பறையான வங்கியிலிருக்கும் சில துப்பாக்கிகளை மட்டும் விலை கொடுத்து உயர்த்திக்கொள்ளும் வசதி அதே நாளில் வர வேண்டும். எதை உயர்த்துவது, எதை விடுவது என்பதும் ஒரு நல்ல முடிவுதான். கடின முறையை உருவாக்கும்போது உயிர்ப்பலத்தை ஏற்றுவதைக் கடைசி வழியாகவே வையுங்கள். எதிரிகள் பதுங்குவது, சூழ்ந்து வருவது, கேடயத்தை மாற்றுவது போன்றவற்றை முதலில் கூட்டுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சேர்ந்து ஆடும் கோ-ஆப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி லூட் என்று மூன்றாம் ஆட்டம் வைத்தது சரியான ஏற்பாடு. நண்பனுக்குத் துப்பாக்கியைக் கைமாற்றிக் கொடுப்பதை மட்டும் இன்னும் எளிதாக்கலாம். கதையை முடித்தவர் அடுத்த வால்ட் ஹன்டரை (ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரம்) கதையில்லாமல் நேராக 30-ஆம் லெவலில் தொடங்கும் நான்காம் ஆட்டத்தின் வசதியும் தொடர வேண்டும். அதே ஆட்டத்தில் மூலையிலிருந்த சிறு வரைபடத்தை எடுத்துவிட்டுத் திசைகாட்டிப் பட்டையை வைத்ததற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. இரண்டையும் கொடுத்து, ஆட்டக்காரரையே தேர்ந்தெடுக்க விட்டால் சண்டையே இல்லை.

கடைசியாகச் செயல்திறன். அன்ரியல் எஞ்சின் 5 என்ற மென்பொருளில் உருவான நான்காம் ஆட்டம், வெளியீட்டு நாட்களில் கணினிகளில் தடுமாறியது. கன்சோல்களில் பார்வைக் கோணத்தை மாற்றும் அமைப்பு பின்னர்தான் வந்தது. நால்வர் ஒரே நேரத்தில் வெடிக்கும் தோட்டாக்களைக் கொண்ட டார்க் நிறுவனத் துப்பாக்கிகளால் சுடும் பாஸ் சண்டை ஒன்றைத் தயாரிப்பின் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்து, நடுத்தர விலைக் கணினி ஒன்றில் வாரந்தோறும் ஓட்டிப் பார்த்து, நொடிக்குக் காட்டும் ஃபிரேம் எண்ணிக்கை சரிந்த வாரத்தில் புதிய வெடிப்பு விளைவுகளைச் சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள்.