பிளின்ட்ஸ் செய்யும் முறை: திருப்பிப் போடாதீர்கள்

கிழக்கு ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்கள் செய்யும், பூரணம் வைத்து மடித்த மெல்லிய பான்கேக்குக்குப் பெயர் பிளின்ட்ஸ். அவர்களுடைய யித்திஷ் மொழியில் பிளின்ட்ஸே என்பார்கள், ஸ்லாவிய மொழிகளின் 'பிளின்' குடும்பத்துச் சொல். அதற்காக ரஷ்ய பிளினியை நினைத்துக்கொண்டு ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம், இதில் ஈஸ்டும் கிடையாது, பேக்கிங் பவுடரும் கிடையாது. பூரணம் வைக்காத வெறும் பான்கேக்கை 'பிளெட்லாக்' என்பார்கள், இலைகள் என்று அர்த்தம். மெல்லிசாக வார்த்துப் பார்த்தால் பெயர் சரிதான் என்று தெரியும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வார்க்கும்போது ஒரு பக்கம்தான் வேக வேண்டும். நிறைய செய்முறைகளில் இரண்டு பக்கமும் திருப்பிப் போடச் சொல்லியிருப்பார்கள், அப்படிச் செய்தால் கிடைப்பது பிரெஞ்சுக்காரர்களின் மெல்லிய பான்கேக்கான கிரேப்தான். பிளின்ட்ஸ் இரண்டு தடவை அடுப்பைப் பார்க்கும் பண்டம்: முதலில் வார்ப்பது, பூரணம் வைத்து மடித்தபிறகு வெண்ணெயில் பொரிப்பது. முதல் சுற்றிலேயே இரண்டு பக்கமும் சிவக்க விட்டால் மடிக்கும்போது ஓரம் விரியும், பொரித்தால் அப்பளம் மாதிரி விறைத்துப் போகும்.

பூரணத்தை முதலில் முடித்து வைத்துவிடுங்கள். 450 கிராம் ஃபார்மர் சீஸ், அதாவது பாலைத் திரித்து நீரை நன்றாக இறுத்து எடுத்த, உதிரியான, அதிகம் உப்பில்லாத சீஸ். அதில் ஒரு முட்டையின் மஞ்சள் கரு, 2 மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெனிலா, பிடித்தால் எலுமிச்சைத் தோல் துருவல். மசித்தால் போதும், மிக்ஸியில் போட்டு அடித்தால் தளர்ந்துவிடும். ஃபார்மர் சீஸ் கிடைக்காமல் காட்டேஜ் சீஸ் வாங்கினால், மெல்லிய துணியில் கட்டி ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி முழுக்க நீர் வடிய விட வேண்டும். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டு அப்புறம் பூரணம் ஒழுகுகிறது என்று மாவைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

மாவுக்கு 3 முட்டை, 240 மில்லி பால், 60 மில்லி தண்ணீர், 125 கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு, உருக்கிய வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. கோஷர் என்ற யூத உணவு விதிப்படி நடக்கும் வீடுகளில் முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து, ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் அடித்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். மைதா நன்றாக ஊறும், நுரையும் அடங்கும். மாவு கிரீம் பதத்தில் கரண்டியிலிருந்து வழிந்து ஓட வேண்டும், ஓடவில்லை என்றால் ஒரு வாய் தண்ணீர் விடுங்கள்.

18 முதல் 20 செ.மீ. அகலமுள்ள ஒட்டாத பான் போதும். நடுத்தரத் தீயில் சூடாக்கி, வெண்ணெயைத் துடைத்த மாதிரி தடவி, மூன்று மேசைக்கரண்டி அளவு மாவை ஊற்றிய கையோடு பானைத் தூக்கிச் சுழற்றுங்கள். முதல் ஒன்று அநேகமாக உருப்படாது, அதைத் தின்றுவிட்டுத் தீயைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மேலே பளபளப்பு மங்கும், விரலால் தொட்டால் மாவு ஒட்டாது, ஓரம் தானாகப் பானை விட்டு எழும்பும். அவ்வளவுதான், சுத்தமான துணிமேல் கவிழ்த்துவிடுங்கள். இந்த அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு வரும்.

வெந்த பக்கம் மேலே பார்த்து இருக்கும், அதன்மேல்தான் பூரணம். கீழ் ஓரத்தை ஒட்டி இரண்டு, இரண்டரை மேசைக்கரண்டி பூரணத்தை நீளவாக்கில் வைத்து, கீழ் ஓரத்தை அதன்மேல் மடித்து, இடமும் வலமும் உள்ளே தள்ளி, மேல்நோக்கி உருட்டிக்கொண்டே போனால் தலையணை மாதிரி ஒரு பொட்டலம் கிடைக்கும். வேகாத வெளிர் பக்கம் வெளியே வந்திருக்கும், அது பொரியும்போது சிவந்துகொள்ளும். மிதமான தீயில் வெண்ணெய் போட்டு, மடிப்பு முடியும் பக்கத்தை முதலில் அடியில் வையுங்கள், வாய் மூடிக்கொள்ளும். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே சில்லென்று இருக்கும், மஞ்சள் கருவும் வேகாது. மேலே புளித்த கிரீம், அல்லது செர்ரி, புளூபெர்ரி மாதிரி ஏதாவது பழத்தைச் சர்க்கரையோடு கொதிக்க வைத்தது. எனக்குக் கிரீம்தான் சரி, உள்ளே ஏற்கெனவே இனிப்பு இருக்கிறது.

சீஸ் பிளின்ட்ஸுக்கென்றே ஒரு நாள் உண்டு: யூதர்களின் பாஸ்கா பண்டிகை கழிந்து ஏழு வாரத்தில் வரும் ஷாவுவோத். சினாய் மலையில் யூதர்களின் வேதமான தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் பண்டிகை, அன்று பால் உணவு சாப்பிடுவது வழக்கம். இரண்டு பிளின்ட்ஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தோராச் சுருள் மாதிரி இருக்கிறது என்று ஒரு விளக்கமும் சொல்வார்கள்.

உருளைக்கிழங்கும் வதக்கிய வெங்காயமும், அல்லது காளான், காரப் பூரணத்துக்கு நன்றாக இருக்கும். இறைச்சி வைப்பதானால் கோஷர் சமையலில் பாலும் இறைச்சியும் சேரக் கூடாது என்பதால் மாவில் பாலுக்குப் பதில் தண்ணீர், வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், தொட்டுக்கொள்ளப் புளித்த கிரீமும் கிடையாது. பாஸ்கா நாட்களில் மைதாவும் ஆகாது, உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சில் வார்ப்பார்கள். அது அடியில் படிந்துவிடும், ஒவ்வொரு தடவை ஊற்றும்முன்னும் கலக்கிக்கொள்ள வேண்டும்.

நிறைய பேருக்குச் செய்வதானால் முந்தின நாளே மடித்து, பொரிக்காமல் ஃப்ரீசரில் ஒன்றோடொன்று ஒட்டாதபடி தட்டில் பரப்பிவிடுங்கள், கெட்டியானதும் ஒரே டப்பாவில் போடலாம். எடுத்தபிறகு உறைநிலை தெளிய விடாதீர்கள், ஈரம் கசிந்து மேல்தாள் கிழியும். உறைந்தபடியே சின்னத் தீயில் மூடி போட்டுப் பொரித்து, கடைசி ஒரு நிமிடம் மூடியை எடுத்துவிட்டால் மொறுமொறுப்பு வந்துவிடும்.