ச்சாவ் எப்போது, அர்ரிவெதேர்ச்சி எப்போது: இத்தாலியில் விடைபெறும் முறை

பலெர்மோவில் இருக்கிற பேரப்பிள்ளை வட்சப்பில் கதைத்து முடித்து "ச்சாவ் அம்மம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தால், மல்லாவியில் இருக்கிற அம்மம்மாவின் காதில் அது 'சாவு' என்றே விழும். விடைபெறுகிற நேரத்தில் இப்படியொரு சொல்லா என்று மனம் துணுக்குறும்.

அந்தப் பயம் வேண்டாம். வெனிஸ் பேச்சுவழக்கில் 'ஸ்சாவோ' என்றால் அடிமை. "நான் உங்கள் அடிமை" என்று பணிந்து சொன்னது தேய்ந்து தேய்ந்து இந்த ஒற்றைச் சொல்லாக நின்றுவிட்டது. கச்சேரிக்கு எழுதும் கடிதத்தின் அடியில் "தங்கள் கீழ்ப்படிவுள்ள" என்று போடுகிறோமே, அந்த மாதிரிதான். இன்னும் வேரைத் தோண்டினால் லத்தீன் 'ஸ்க்லாவுஸ்' வரும். இடைக்காலத்தில் ஸ்லாவ் மக்களைப் பிடித்து விற்றதால் அவர்களின் இனப்பெயரே அடிமைக்குப் பெயராகிவிட்டது, கொடுமையான வரலாறு. இன்று அந்தப் பணிவும் இல்லை, நெருக்கம் மட்டும்தான் இருக்கிறது. வரும்போதும் ச்சாவ், போகும்போதும் ச்சாவ்.

சரி, யாருக்குச் சொல்லலாம்? இத்தாலியனில் 'தூ', அதாவது 'நீ', என்று அழைக்கிற எல்லோருக்கும். இங்கேதான் எங்கள் ஆட்கள் குழம்புவார்கள், ஏனென்றால் எங்களுக்கு மாமாவும் அம்மம்மாவும் 'நீங்கள்'. அங்கே வீட்டுப் பெரியவர்களும் 'தூ'தான், பாட்டிக்கும் ச்சாவ்தான். ஆகவே பிள்ளை மரியாதை கெட்டுப் பேசுகிறது என்று நினைத்துக் கோபப்படாதீர்கள்.

வெளியாட்கள் என்றால் கதை வேறு. டொக்டர், வீட்டுச் சொந்தக்காரர், வதிவிட அனுமதி புதுப்பிக்கப் போகிற குவெஸ்தூராவில் இருக்கும் அதிகாரி, இவர்களுக்கு "அர்ரிவெதேர்ச்சி", 'தேர்' என்ற இடத்தை அழுத்தி. மறுபடி காணும்வரை என்று பொருள். ஒருவருக்கு இன்னும் மரியாதை வேண்டுமென்றால் "அர்ரிவெதேர்லா". வாய் வரவில்லையா, "புவோனா ஜொர்னாதா" போதும். நாள் நன்றாகப் போகட்டும் என்பது யாருக்கும் பிடிக்கும்.

"அத்தீயோ"வை மட்டும் சும்மா எடுத்து விடாதீர்கள். 'கடவுளிடம்' என்று அர்த்தம், ஆனால் இனிக் காணவே மாட்டோம் என்ற இடத்தில் சொல்வது. கட்டுநாயக்காவில் மகனை ஏற்றிவிடப் போனால் "ஆ ப்ரெஸ்தோ" சொல்லுங்கள், சீக்கிரம் சந்திப்போம் என்று. நாளைக்கே காணப்போகிற ஆளுக்கு "ஆ தொமானி".