ஒரே நெட் லைன், கீழே கடை, மாடியில் வீடு: பிஎஃப் கியூ வைத்துப் பிரிப்பது எப்படி

பாளையங்கோட்டையில் கீழே ஆன்லைன் சேவைக் கடை, மாடியில் வீடு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே 100 எம்பிபிஎஸ் லைன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது மாடியில் யாராவது கேம் அப்டேட் போட்டால், கீழே பேமென்ட் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் அந்தப் பிள்ளைகள் தவிப்பதைப் பார்க்கவே முடியாது. ஓப்பன்பிஎஸ்டி (OpenBSD) என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஃபயர்வாலான பிஎஃப்பில் (pf) இருக்கும் கியூவே, அதாவது பாக்கெட்டுகளை வரிசையில் நிறுத்தி அளவாக விடும் வசதியே, இதற்குப் போதும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சுத்தமல்லி அணைக்கட்டில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது நம் கையில் இல்லை, நெல்லைக் கால்வாயில் எவ்வளவு திறந்துவிடுகிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. கியூவும் அப்படித்தான், இன்டர்ஃபேஸை, அதாவது நெட்வொர்க் கார்டை விட்டு வெளியே போகும் பாக்கெட்டை மட்டும்தான் பிடித்து நிறுத்தும். அதனால் அப்லோடை நெட் லைன் சேரும் வெளி கார்டிலும், டவுன்லோடை அது ஃபயர்வாலை விட்டு வெளியேறும் கடை கார்டு, வீட்டு கார்டு இரண்டிலும் கட்டுப்படுத்த வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடை கார்டில் 95 எம்பிபிஎஸ், வீட்டு கார்டில் 95 எம்பிபிஎஸ் என்று போட்டால் ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது, இரண்டும் சேர்ந்து லைனை நிரப்பிவிடும், பிறகு காத்திருப்பு முழுக்க நெட் கம்பெனி பக்கம் போய்விடும், நம் கியூவுக்கு அங்கே வேலை இல்லை. கடைக்கு 60, வீட்டுக்கு 35 என்று பிரித்து, கூட்டுத்தொகையை 95-க்குள் வையுங்கள். கியூவின் வேகத்தைச் சொல்லும் பேண்ட்வித்தோடு, தாண்டக்கூடாத உச்ச வரம்பான மேக்ஸையும் அதே அளவில் கொடுங்கள். ஒன்று சும்மா இருக்கும்போது அதன் பங்கு மற்றதற்குப் போகாது, அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒவ்வொரு கார்டிலும் மொத்த அளவைச் சொல்லும் ரூட் கியூவுக்குக் கீழே, வேறெந்தக் கியூவிலும் சேராத பாக்கெட்டுகளுக்காக ஒரு டீஃபால்ட் கியூ கட்டாயம். கடை கார்டிலும் வெளி கார்டிலும் 'பேமென்ட்' என்று ஒரே பெயரில் கியூ வைத்தால், ஃபயர்வாலில் ஒரு ரூல் எழுதினால் போதும், பாக்கெட் எந்தக் கார்டு வழியாக வெளியேறுகிறதோ அங்கிருக்கும் கியூவில் விழும்.

2014-இல் வந்த ஓப்பன்பிஎஸ்டி 5.5 பதிப்பிலேயே கியூ எழுதும் முறை மாறிவிட்டது, அதற்கு முந்தைய முறையான ஆல்ட்கியூ (ALTQ) உதாரணங்களைக் காப்பியடிக்காதீர்கள்.

ரூலை ஏற்றும் முன், பிஎஃப்பை இயக்கும் கமாண்டான பிஎஃப்சிடிஎல்லில் (pfctl) எழுத்துப்பிழை பார்த்துவிடுங்கள். ஏற்றிய பிறகும் பழைய இணைப்புகள் பழையபடியே ஓடும், அதனால் கடை அடைத்த பிறகு ஸ்டேட்களை, அதாவது நடப்பு இணைப்புகள் பற்றி ஃபயர்வால் வைத்திருக்கும் பதிவுகளை அழித்துவிட்டு, அப்புறம் சிஸ்டத்தின் நிலவரம் காட்டும் சிஸ்டாட் (systat) கமாண்டில் கியூ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மாடியில் ஒரு பெரிய ஃபைலை இறக்கிப் பாருங்கள்.