பென்சில் பிடித்தே பல வருஷம் ஆனவர்களுக்கு

"எனக்கு ஒரு கோடுகூட நேராப் போட வராதுக்கா" என்று சொல்லிக்கொண்டே, முத்து முத்தான கையெழுத்தில் படிவம் நிரப்புகிறவர்களைச் செங்கோட்டையில் என் ஜெராக்ஸ் கடையில் தினமும் பார்க்கிறேன். 'ஞ' எழுதத் தெரிந்த கைக்கு வளைக்க, நிறுத்த, திருப்ப எல்லாம் தெரியும். பழக்க வேண்டியது கண்ணைத்தான். அது ஒரு பொருளைப் பார்த்ததும் "டம்ளர்" என்று பெயர் வைத்துவிட்டு, மேற்கொண்டு பார்ப்பதை நிறுத்திவிடும். பிறகு நாம் ஞாபகத்தில் இருக்கிற டம்ளரைத்தான் வரைகிறோம், மேஜையில் இருப்பதை அல்ல.

சாமான் செலவு பெரிதாக வேண்டாம். ஒரு பக்கம் அச்சாகி வீணான ஏ4 தாள் எந்த ஜெராக்ஸ் கடையிலும் குவிந்து கிடக்கும், கேட்டால் கொடுப்போம். விலை கூடிய தாள் வாங்கினால் கெட்டுப்போய்விடுமோ என்ற பயத்திலேயே கை இறுகும். பென்சில் எச்.பி. ஒன்று, 4பி ஒன்று. களிமண் கூடச் சேர்ந்த பென்சில் கெட்டியாக, வெளிறலாக எழுதும். கிராஃபைட் கூடினது மென்மையாக, கறுப்பாக எழுதும். பி-க்கு முன்னால் இருக்கும் எண் கூடக்கூடக் கறுப்பும் கூடும். ஷார்ப்னரை விட்டுவிட்டு பிளேடால் சீவுங்கள். கூர் நீளமாக இருந்தால்தான் பென்சிலைச் சாய்த்து நிழல் தேய்க்க முடியும்.

ரப்பரை முதல் மாதம் எங்கேயாவது பூட்டி வையுங்கள். கோடு தப்பாகப் போனால் அழிக்காமல் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். தப்புக் கோடு கண்ணெதிரே இருந்தால்தான் எவ்வளவு தள்ள வேண்டும் என்று தெரியும். நீளமான கோட்டுக்கு மணிக்கட்டை மட்டும் அசைத்தால் வளைந்துவிடும், தோளிலிருந்து கையை நகர்த்துங்கள். இரண்டு புள்ளி வைத்து, தாளைத் தொடாமல் மேலே ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரே வீச்சில் இழுங்கள். இந்தப் பயிற்சிக்குத் தினம் அஞ்சு நிமிஷம் போதும், அதற்கு மேல் போனால் சலித்துவிடும்.

சரி, எதை வரைவது? எங்கள் ஊர் நுழைவாயில் வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். 1956-இல் ஊர் திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, திருவிதாங்கூரின் சங்கு முத்திரை மட்டும் வளைவிலேயே தங்கிவிட்டது. வரைய உட்காருகிறவர் முதலில் அந்தச் சங்குக்குத்தான் போவார். போகாதீர்கள். வளைவுக்கு நடுவே இருக்கும் ஓட்டையை வரையுங்கள். ஓட்டைக்குப் பெயர் கிடையாது, அதனால் கண் ஏமாற்ற வழியில்லை. அதன் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கேட்டே ஆக வேண்டும். முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியிலிருந்து கட்டைவிரல் வரை அகலத்தை அளந்துகொள்ளுங்கள். அதே அளவை நிமிர்த்திப் பிடித்து, உயரத்தில் எத்தனை தடவை அடங்குகிறது என்று பாருங்கள். கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு மாறிவிடும். ஓட்டை சரியாக விழுந்தால் சுற்றியுள்ள கட்டடம் பாதி வந்த மாதிரி. நாற்காலிக் கால்களுக்கு நடுவிலும் செம்பருத்திக் கிளைகளுக்கு நடுவிலும் இதே வித்தைதான்.

அடுத்தது பக்கத்தில் இருக்கும் பிரானூர் மரக்கடை. அறுக்கக் காத்திருக்கும் தடிகளைவிட நல்ல வாத்தியார் எனக்குக் கிடைத்ததில்லை. தடியின் வெட்டுமுகம் வட்டம் என்று நமக்குத் தெரியும். ஆனால் நேர் எதிரே நின்று பார்த்தால்தான் அது வட்டம். நாலு எட்டு பக்கவாட்டில் தள்ளி நின்றால் நீள்வட்டம், இன்னும் தள்ளினால் ஒடுங்கிய கீற்று. தெரிந்த வட்டத்தையே போட்டால் தடி வெட்டிவைத்த அட்டை மாதிரி தட்டையாகிவிடும். நீள்வட்டத்தின் நீளவாட்டு, தடியின் நீளத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இரண்டு ஓரமும் கூர்மையாகக் கூடாது, எவ்வளவு ஒடுங்கினாலும் அங்கே சின்னதாக ஒரு வளைவு உண்டு. லாரிக்காரர்கள் வழியில் மட்டும் நிற்காதீர்கள்.

மரக்கடை பக்கத்தில் இல்லாதவர்களுக்கு டம்ளர் இருக்கவே இருக்கிறது. அதைக் கண்மட்டத்துக்குத் தூக்கினால் வாய் ஒரே கோடாகத் தெரியும், கீழே இறக்க இறக்கத் திறந்துகொள்ளும். மேஜையில் வைத்த டம்ளரின் அடிவட்டம் வாய்வட்டத்தைவிடச் சற்று அதிகமாகத் திறந்திருக்கும். ஆனால் எல்லாரும் அடியைத் தட்டையாகத்தான் போடுகிறார்கள். எவர்சில்வர் வேண்டாம். அதில் வீடே பளபளவென்று தெரிந்து குழப்பும். பிளாஸ்டிக் கப் எடுங்கள்.

நிழலுக்கு அவசரப்பட வேண்டாம். அதற்கு வரும்போது, சாரல் நாளில் மேற்கே பாருங்கள். பக்கத்து மலை கறுப்பு, அதற்குப் பின்னால் இருப்பது சாம்பல், ஆரியங்காவுப் பக்கம் கடைசி அடுக்கு வானத்தோடு கரைந்த வெளிறல். கண்ணைப் பாதி இடுக்கிப் பாருங்கள், மரம் மட்டை எல்லாம் மறைந்து இந்த மூன்று நிறம்தான் மிஞ்சும். அந்த மூன்றை மட்டும் போட்டால் போதும், தூரம் தானாக வந்துவிடும். இலை இலையாக வரைய ஆரம்பித்தீர்களோ, மலை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜெராக்ஸ் தாள் வழவழப்பாக இருப்பதால் 4பி அதில் ஓரளவுக்கு மேல் கறுக்காது. இந்தக் கட்டத்தில் ஒரு டிராயிங் நோட்டு வாங்கலாம்.

மலை தாண்டி, கேரளப் பக்கம் கழுதுருட்டியில் இருக்கும் பதிமூணு கண் ரயில் பாலத்துக்கும் ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். ஒரே அளவாகக் கட்டிய வளைவுகள் தள்ளித் தள்ளிப் போகும்போது எப்படிச் சிறுத்து நெருங்குகின்றன என்று அங்கே பார்ப்பது, படித்துத் தெரிந்துகொள்வதைவிட எளிது. திரும்பும்போது பார்டர் பரோட்டா உங்கள் பாடு.

முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் கண்ணை நெற்றிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில் வையுங்கள், முகம் ஓரளவு மனித முகமாகிவிடும். பஸ் ஸ்டாண்டில் வரைந்தால் ஆள் பாதியில் எழுந்து போவார். அதே தாளில் பக்கத்தில் அடுத்தவரைத் தொடங்குங்கள். காத்திருக்கிறவர்கள் நிற்பது பெரும்பாலும் நாலைந்து விதம்தான், பாதியில் விட்ட நிலையில் வேறொருவர் வந்து நிற்பார், அவரை வைத்து முடித்துக்கொள்ளலாம். யாராவது எட்டிப் பார்த்து "என்னையும் வரைஞ்சு தாங்கக்கா" என்றால், பக்கவாட்டில் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். தொடங்குகிறவருக்கு எதிர்முகத்தைவிடப் பக்கமுகம் சுலபம், மூக்குக் கோடு ஒன்று சரியாக விழுந்தாலே அவர் வீட்டில் கொண்டுபோய்க் காட்டுவார்.