கார்ட்டூனைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது எப்படி?

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த சங்கராவை எங்கம்மா உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தார். நாலரை வயது மகள் அவரிடம் போய், "தள்ளிப் போ கிழவி, மூஞ்சப் பாரு" என்றாள். மகள் ஆயா என்று கூப்பிடும் எங்கம்மா, மீனைச் சட்டியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அது ஒரு கார்ட்டூன் வசனம். இத்தனைக்கும் அதை நானே பார்த்து, சரி என்று விட்டிருந்தேன். எங்கே கோட்டை விட்டேன் என்று புரிய இரண்டு வாரம் ஆனது. அதிலிருந்து எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் ஒரு கார்ட்டூனை மகளுக்குக் காட்டும் முன் இதுதான் முறை.

படி 1: வயதுக் குறி

ஓடிடி என்றால் தொடங்கும்போதே குறி வரும். மத்திய அரசின் 2021 விதிகளின்படி யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று ஐந்து வகை. 7+ என்றால் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம். யூடியூபில் யாரோ ஏற்றிய வீடியோவுக்கு இந்தக் குறி கிடையாது. குறி இருந்தாலும் அது வடிகட்டி மட்டும்தான், தொடர்ந்து படியுங்கள்.

படி 2: எந்த எபிசோட்?

முதல் எபிசோட் வேண்டாம், அதில் எல்லாரும் நல்லவர்களாக இருப்பார்கள். நடுவிலிருந்து இரண்டு எடுங்கள்.

படி 3: கண்ணை மூடிக் கேளுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். பிள்ளை தூங்கியபின், சத்தத்தைக் குறைத்து, ஆங்கிலத்தில் பார்த்தேன். வெளிநாட்டுப் பெற்றோர் எழுதிய விமர்சனங்களையும் படித்தேன். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. ஆனால் மகள் பார்த்தது தமிழ் டப்பிங். ஆங்கிலத்தில் "நகரு" என்று மட்டும் இருந்த இடத்தில், தமிழில் சிரிப்புக்காக ஒரு கிழவியும் ஒரு மூஞ்சியும் சேர்ந்திருந்தன. படம் ஒன்றுதான், வசனம் வேறு. அந்த விமர்சனங்கள் நமக்கு உதவாது.

அதனால் ஒரு தாள், ஒரு பேனா. தமிழ் ஆடியோவை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பட்டப்பெயர், உடம்பு அல்லது நிறக் கேலி, பெரியவர்களை எடுத்தெறிந்து பேசுவது என்று மூன்று தலைப்பு. கேட்கக் கேட்க ஒரு கோடு. அந்த 11 நிமிட எபிசோடில் எனக்கு 14 கோடு விழுந்தது. குண்டுப் பையன் வரும்போதெல்லாம் "பூசணிக்கா வந்துருச்சு", உடனே சிரிப்புச் சத்தம்.

ஒன்றிரண்டு "லூசு"க்கெல்லாம் நான் பதறுவதில்லை. பிள்ளையோடு மார்க்கெட்டுக்குப் போனால் அதைவிடக் காரமாகவே காதில் விழும். நான் கவனிப்பது, கேலிக்குப் பிறகு யார் சிரிக்கிறார்கள், கேலிபட்டவன் ஒரு வார்த்தையாவது திருப்பிச் சொல்கிறானா என்பதைத்தான்.

யார் எந்தத் தமிழ் பேசுகிறார்கள் என்ற நாலாவது தலைப்பைச் சேர்க்கவைத்தவள் மகள். "திருடன் மட்டும் ஏன் நம்ம ஆயா மாதிரி பேசுறான்?" என்று கேட்டாள். ஹீரோ சுத்தத் தமிழ் பேசுகிறான். திருடனும் அவனுடைய முட்டாள் அடியாளும் "இன்னா", "கண்டுக்காத" என்று நம்ம பேச்சு. கண் திறந்திருந்தபோது இது எனக்கு உறைக்கவே இல்லை.

படி 4: இப்போது சத்தமில்லாமல்

கேள்வி ஒன்றுதான்: இதில் வருவது எங்கள் வீட்டில் கைக்கெட்டுமா? பீரங்கி வெடித்தால் கவலையில்லை, வீட்டில் பீரங்கி இல்லை. குடையை விரித்து மாடியிலிருந்து குதித்தால் கவலை. எங்கள் தெருவில் மொட்டைமாடிகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, சுவர் முழங்கால் உயரம். அருவாமனை, தீப்பெட்டி, கேஸ் அடுப்பு எல்லாம் இதே கணக்குதான்.

வெளிச்சம் படபடவென்று மின்னினால் அந்த எபிசோடையே விட்டுவிடுங்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் சிவப்பும் நீலமுமாக மின்னிய ஒரு கார்ட்டூன் காட்சியால் அறுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

படி 5: அணைத்தபின் பத்து நிமிடம்

பிள்ளை என்ன விளையாடுகிறது என்று பாருங்கள். எபிசோட் பற்றிய தீர்ப்பு அங்கேதான் கிடைக்கும். நேரக் கணக்கும் உண்டு: 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எதில் போட்டுக் காட்டுவது? என் ஓட்டு பென்டிரைவுக்கு. போட்டது முடிந்தால் முடிந்ததுதான், நீங்கள் ஏற்றாத எதுவும் தானாக ஓடாது. போன்தான் வேண்டுமென்றால் யூடியூப் கிட்ஸில் நீங்களே தேர்ந்தெடுத்ததை மட்டும் காட்டும் வசதியைப் போடுங்கள், தேடலும் அடைபடும். காசு வாங்கும் கண்காணிப்பு ஆப்களுக்கு நான் செலவழிக்கமாட்டேன்.

பின்சேர்க்கை: "ஷிஃப்ட் வேலை, இதுக்கெல்லாம் உட்கார நேரமில்லை" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். உட்காரவே வேண்டாம். டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமையுங்கள், மூன்றாம் படி முடிந்துவிடும்.

ஆங்கிலத்துக்கு மாற்றினால் சரியாகிவிடாதா என்று இன்னொருவர் கேட்டார். நானும் மாற்றிப் பார்த்தேன். வசனம் புரியாமல் மகள் சண்டைக் காட்சிகளுக்காக மட்டும் காத்திருந்தாள். மறுபடி தமிழுக்கே வந்துவிட்டோம்.

எங்கம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. டிவியை அவர் கேட்கத்தான் செய்வார். இப்போது புது கார்ட்டூன் எதுவானாலும், நடுவிலிருந்து எடுத்த எபிசோட் முதலில் அவர் பக்கத்தில்தான் ஓடுகிறது. "இத்த நிறுத்து" என்று இதுவரை மூன்றை நிறுத்தியிருக்கிறார்.