லோட்மாஸ்டரில் எக்ஸ்சேஞ்சுக்கு சப் விஎஸ் அமைப்பது

இரண்டு எக்ஸ்சேஞ்ச் 2019 மெயில் சர்வர், அவற்றுக்கு முன்னால் வரும் கோரிக்கைகளை இரண்டுக்கும் பங்கிட்டு அனுப்பும் ஒரு கெம்ப் லோட்மாஸ்டர். நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் இருப்பது இதுதான். உங்களிடமும் இதே அமைப்பு என்றால் தயவுசெய்து சப் விஎஸ் (ஒரு விர்ச்சுவல் சர்வீஸுக்குள் அமைக்கும் துணைச் சர்வீஸ்) போட்டுவிடுங்கள்.

443 போர்ட்டில் ஒரே விர்ச்சுவல் சர்வீஸ் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை லோட்மாஸ்டர் வாங்கும் முகவரி) வைத்தாலும் மெயில் ஓடும்தான். சிக்கல், சர்வர் நலமா என்று லோட்மாஸ்டர் பார்க்கும் ஹெல்த் செக்கில் வரும். ஒரு சர்வீஸுக்கு ஒரு செக்தான். அது வெப்மெயிலை மட்டும் பார்க்கிறது என்று வையுங்கள். ஒரு சர்வரில் போனுக்கு மெயில் தரும் ஆக்டிவ்சிங்க் மட்டும் படுத்துவிட்டால் லோட்மாஸ்டருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் மெயில் வரும், சிலருடைய போனில் மட்டும் வராது. பக்கத்து சீட்டுக்காரர் "எனக்கு வருதே" என்பார். மாறாக வெப்மெயில் படுத்தால், நன்றாக ஓடும் ஆக்டிவ்சிங்கையும் சேர்த்து முழு சர்வரையே லோட்மாஸ்டர் ஒதுக்கிவிடும்.

சப் விஎஸ்ஸுக்குத் தனி ஐபி கிடையாது. தாய் சர்வீஸ் கோரிக்கையை வாங்கி, யூஆர்எல்லைப் பார்த்து, உரிய சப் விஎஸ்ஸிடம் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி சர்வர் பட்டியல், தனி செக்.

முதலில் எஸ்எஸ்எல். யூஆர்எல்லைப் படிக்க வேண்டுமானால் லோட்மாஸ்டர் என்கிரிப்ஷனைப் பிரித்தாக வேண்டும். தாய் சர்வீஸின் எஸ்எஸ்எல் பகுதியில் 'எனேபிள்டு', 'ரீஎன்கிரிப்ட்' இரண்டையும் டிக் செய்யுங்கள். எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் இருக்கும் அதே சான்றிதழையே இங்கும் ஏற்றுங்கள். 2024 பிப்ரவரியில் வந்த சியூ14 (எக்ஸ்சேஞ்ச் 2019 அப்டேட்) முதல், நடுவில் சான்றிதழ் மாறினால் உள்நுழைவை மறுக்கும் எக்ஸ்டெண்டட் புரொடெக்‌ஷன் தானாகவே இயங்குகிறது. சான்றிதழ் வேறாக இருந்தால் அவுட்லுக் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டு கேட்கும்.

அடுத்து, தாய் சர்வீஸில் ரியல் சர்வரை (அதாவது எக்ஸ்சேஞ்ச் சர்வரை) நேரடியாகச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் 'ஆட் சப் விஎஸ்' பொத்தானே போய்விடும். அந்தப் பொத்தானை அழுத்தி வெப்மெயில், ஆக்டிவ்சிங்க், ஆட்டோடிஸ்கவர் (மெயில் அமைப்பைத் தானாகக் கண்டுபிடிப்பது), மேப்பி (அவுட்லுக்கின் இணைப்பு), இடபிள்யூஎஸ் (மற்ற செயலிகளின் இணைப்பு) என ஒவ்வொன்றுக்கும் ஒரு சப் விஎஸ் உருவாக்கி, உடனே பெயர் வைத்துவிடுங்கள். வெறும் எண்களாக விட்டால் பிறகு எது எதுவென்று தெரியாது.

'கன்டென்ட் ரூல்ஸ்' பக்கத்தில் ஒவ்வொரு சேவையின் யூஆர்எல் பாதைக்கும் (வெப்மெயிலுக்கு /owa போல) ஒரு விதி எழுதுங்கள். மேட்ச் டைப் ரெகுலர் எக்ஸ்பிரஷன். ஹெடர் ஃபீல்டைக் காலியாக விட்டால் யூஆர்எல்லோடு ஒப்பிடும். மேட்ச் ஸ்ட்ரிங்கில் ^\/ போட்டு, அதை ஒட்டிப் பாதையின் பெயர். 'இக்னோர் கேஸ்' டிக் கட்டாயம் வேண்டும். ஆக்டிவ்சிங்க் பாதையில் பெரிய எழுத்துகள் உண்டு, ஆட்டோடிஸ்கவர் பாதை பெரிய எழுத்தில் தொடங்கியும் வரும், சிறிய எழுத்தில் தொடங்கியும் வரும்.

அப்புறம் தாய் சர்வீஸின் 'அட்வான்ஸ்டு ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'கன்டென்ட் ஸ்விட்சிங்' எனேபிள் செய்யுங்கள். அதன் பிறகுதான் சப் விஎஸ் பட்டியலில் விதிக்கான இடம் தெரியும். அங்கே 'நன்' என்பதை அழுத்தி உரிய விதியைச் சேருங்கள். வெப்மெயில் சப் விஎஸ்ஸுக்கு 'டிஃபால்ட்' விதியையும் கொடுங்கள். எந்த விதியிலும் சிக்காத கோரிக்கை அங்கே போகட்டும்.

இனிதான் முக்கியமான இடம். ஒவ்வொரு சப் விஎஸ்ஸிலும் இரண்டு சர்வரையும் 443 போர்ட்டில் சேர்த்து, எச்டிடிபிஎஸ் செக் வையுங்கள். யூஆர்எல், அந்தந்தப் பாதைக்குக் கீழே இருக்கும் ஹெல்த்செக்.எச்டிஎம். இந்த ஃபைலை டிஸ்கில் தேடினால் கிடைக்காது. சேவைகளைத் தானே கண்காணிக்கும் எக்ஸ்சேஞ்சின் மேனேஜ்டு அவெய்லபிலிட்டிதான் இந்தப் பதிலைத் தருகிறது. அந்தச் சேவை நலமாக இருந்தால் மட்டுமே 200 வரும். போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் டிசிபி செக்கை இங்கே வைத்தால் இவ்வளவு உழைப்பும் வீண்.

பெர்சிஸ்டென்ஸ் (ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்புவது) வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் 2013 முதல் எந்தக் கோரிக்கை எந்த சர்வருக்குப் போனாலும் சரிதான்.

நேரடிப் பயன்பாட்டுக்கு விடும் முன் சோதித்துப் பாருங்கள். ஒரு சர்வரின் எக்ஸ்சேஞ்ச் மேனேஜ்மென்ட் ஷெல்லில் ஆக்டிவ்சிங்க் ப்ராக்ஸி கம்பொனென்டை மட்டும் 'இன்ஆக்டிவ்' ஆக்குங்கள், ரெக்வெஸ்டர் (மாற்றத்தைக் கேட்பவரின் பெயர்) 'மெயின்டனன்ஸ்'. சிறிது நேரத்தில் லோட்மாஸ்டரின் ஆக்டிவ்சிங்க் சப் விஎஸ்ஸில் அந்த சர்வர் சிவப்பாகும். மற்ற நான்கிலும் அதே சர்வர் பச்சையாகவே இருக்க வேண்டும். அங்கேயும் சிவப்பானால் செக் யூஆர்எல் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்ததும் அதே ரெக்வெஸ்டர் பெயரில் 'ஆக்டிவ்' ஆக்குங்கள். வேறு பெயரில் ஆக்டிவ் கொடுத்தால் கம்பொனென்ட் எழுந்திருக்காது.