மோசல் ஆற்றோரம் முதல் சைக்கிள் பயணம்: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜெர்மனியில் ஆற்றோரச் சைக்கிள் பாதைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் முதல் பயணத்துக்கு ஆற்றின் அழகைப் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். ஆற்றையொட்டி ரயில் ஓடுகிறதா என்று பாருங்கள். கால் வலித்தாலும், மழை பிடித்தாலும், பஞ்சர் ஆனாலும் அடுத்த ஸ்டேஷனில் ஏறிவிடலாம். அந்த வகையில் மோசல் ஆற்றின் கடைசிப் பகுதி, கோகெமிலிருந்து கோப்லென்ஸ் வரை, மிகவும் வசதியானது.

கோகெமிலிருந்து முழுத் தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பழக்கமில்லாதவர்கள் ட்ரைஸ்-கார்டனில் இறங்கித் தொடங்கினால் நாற்பதுதான். இடது கரையிலேயே போங்கள். மோசல்கெர்ன், ஹாட்சென்போர்ட், லோஃப், லேமன், கோபர்ன்-கோன்டோர்ஃப், வின்னிங்கன் என்று ஸ்டேஷன்கள் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக அந்தக் கரையில்தான் இருக்கின்றன. ஆறு ஓடும் திசையிலேயே போவதால் ஏற்றம் கிடையாது. இங்கு மேற்கிலிருந்து வீசுவதே வழக்கமான காற்று, அதுவும் பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான் இருக்கும். பல இடங்களில் பாதை நெடுஞ்சாலையை ஒட்டியே போகும், கார்ச் சத்தம் கேட்கும். மறுபுறம் கல்சுவர் கட்டிய செங்குத்தான திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தால் அது பெரிதாகத் தோன்றாது. நின்று நின்று போனால் மணிக்கு 12 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். சாப்பாட்டையும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள்.

அதிகம் சிக்கல் வருவது ரயிலில்தான். நாடு முழுவதும் ரீஜனல் ரயில், பஸ்களில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் உங்களுக்கு மட்டும்தான், சைக்கிளுக்குப் பொருந்தாது. இந்தப் பாதை இருக்கும் ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்துக்குள் ரீஜனல் ரயில்களில் வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகும், சனி ஞாயிறுகளில் நாள் முழுவதும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. வேறு மாநிலத்திலிருந்து வந்தால் அங்குள்ள விதிப்படி தனி டிக்கெட் வேண்டியிருக்கலாம். கட்டணம் இல்லை என்பதற்காக இடம் உறுதி என்று நினைக்காதீர்கள். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும்தான் முன்னுரிமை. பெட்டி நிறைந்துவிட்டால் நடத்துநர் ஏற்ற மாட்டார். வெயில் அடிக்கும் ஞாயிறு காலை 10 மணி ரயிலில் இது அடிக்கடி நடக்கும். முடிந்தால் 8 மணி ரயிலைப் பிடியுங்கள். ஆறேழு பேர் சேர்ந்து போனால் இரண்டு ரயில்களில் பிரிந்து போவது நல்லது. கதவில் சைக்கிள் படம் ஒட்டிய பெட்டியில்தான் ஏற வேண்டும். பின்பையை முன்கூட்டியே கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் இரண்டு தனித்தனி பிரேக், மணி, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பிரதிபலிப்பான்கள் இருப்பது சட்டப்படி கட்டாயம். பழைய வண்டி வாங்கினால் ரசீது கேளுங்கள்; இங்கே திருட்டு வண்டிகளும் கைமாறுகின்றன. சீட்டில் உட்கார்ந்து குதிகாலை மிதிகட்டையின் அடிநிலையில் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். சீட் அதைவிடத் தாழ்வாக இருந்தால் இருபதாவது கிலோமீட்டரில் முட்டி சொல்லிவிடும். டயரின் பக்கவாட்டில் 40-622 என்பது போல ஓர் எண் இருக்கும். அதே எண்ணுக்கான டியூப் ஒன்று, டயரைக் கழற்றும் நெம்புகோல் இரண்டு, பம்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வால்வில் மூன்று வகை உண்டு: நம்மூர் சைக்கிளில் இருப்பது போன்ற டன்லப், கார் வால்வு, மெல்லிய பிரெஞ்சு வால்வு. பம்பு உங்கள் வால்வில் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே காற்றடித்துப் பாருங்கள். 40 மில்லிமீட்டர் அகல டயருக்கு 4 பார் (bar) அழுத்தத்தில் காற்று போதும்.

வட்டமான நீலப் பலகையில் சைக்கிள் படம் இருந்தால் சாலையை விட்டு அந்தப் பாதையில்தான் போக வேண்டும். எட்டு வயது நிறையாத குழந்தைகள் தனியாகப் பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதை இல்லாத இடத்தில் நடைபாதையில் ஓட்ட வேண்டும். பெரியவர் ஒருவர் கூடவே ஓட்டலாம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 55 யூரோ அபராதம், அதனால் ஹாண்டில்பாரில் பொருத்துங்கள். வழியெல்லாம் ஒயின் கடைகள் கூப்பிடும். ரத்தத்தில் ஆல்கஹால் 1.6 ப்ரொமில்லெ (ஆயிரத்தில் 1.6 பங்கு) இருந்தால் சைக்கிள் ஓட்டுவதும் குற்றம். தடுமாறி ஓட்டினால் 0.3-லேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட் பூட்டியிருக்கும். சைவ உணவுக்காரர்கள் எலுமிச்சை சாதத்தையோ புளியோதரையையோ கட்டிக்கொண்டு போவதே நல்லது. சில்லறையும் கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் வெள்ளம் ஏறினால் கரையோரப் பாதைதான் முதலில் மூழ்கும். நீர் வடிந்த பிறகும் சேறு வழுக்கும். தடுப்பு வைத்திருந்தால் தாண்டாதீர்கள்.

அடுத்த முறை ஆற்றின் மேல்பக்கம் போக நினைத்தால் வரைபடத்தை நிதானமாகப் பாருங்கள். எடிகர்-எல்லரிலிருந்து கோகெமுக்கு ரயில் 4.2 கிலோமீட்டர் சுரங்கத்தில் நுழைந்து சில நிமிடங்களில் போய்விடும். ஆறு வளைந்து வளைந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வரும், இடையில் ஸ்டேஷன் கிடையாது. எல்லரை அடைந்ததும் களைப்பாக இருந்தால் அங்கேயே ரயிலேறிவிடுங்கள். இன்னும் மேலே உள்ள பெர்ன்காஸ்டல் பக்கமோ ரயிலே இல்லை. கோடைப் பருவத்தில் சைக்கிள் டிரெய்லர் இழுத்து வரும் ரெகியோராட்லர் பஸ்தான் வழி. அதில் சைக்கிளுக்கு முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள்.